கையெழுத்துப் பழக்கிவிட்டு நான் பட்ட பாடு

வளர்ந்தோருக்கு எழுத்துப் படிப்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்க எண்ணியிருப்பவர்களுக்கும், அத்தகைய வகுப்புகளில் படிப்பிக்க முன்வரும் இளம் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2017 ஆம் ஆண்டில் நான் இந்த வேலையில் இறங்கியபோது இதையெல்லாம் சொல்லித் தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. 31 ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் தமிழ் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கே அகரம் பழக்கிய எனக்குப் பெரியவர்களுக்குப் பழக்குவது எம்மாத்திரம் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்காக நான் இழந்தது 94,600 ரூபாவும் எட்டு மாதங்களும். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண் இழந்தது தொகையில் குறைவு, ஆனால் அவருக்கு அது இதைவிடப் பெரிய இழப்பு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் ஊர் இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 இல் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது இரண்டாம் முறையும் பெயர்ந்தன. அன்று ஏழெட்டு வயதாக இருந்த பிள்ளைகள் பலருக்குப் படிப்பு அத்துடன் விட்டுப்போனது. முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் வளர்ந்து, கலியாணம் முடித்து, தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் அவர்களும், பள்ளிக்கூடப் படியையே மிதிக்காத சில மூதாட்டிகளுமாக 26 பேர் முதல் நாள் சனசமூக நிலையத்துக்கு வந்தார்கள். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த ஐந்து பெண் பிள்ளைகள் படிப்பிக்க ஒத்துக்கொண்டார்கள். நானே ஒரு பாடநூலை எழுதி 120 பிரதிகள், பிரதி ஒன்று 210 ரூபாவாக, யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றில் அடித்தேன். அது 25,200 ரூபா. வெண்பலகை, கொப்பி, பென்சில் என்று 9,400. ஐந்து பிள்ளைகளுக்கும் பஸ் காசு, தேநீர்ச் செலவு என்று மாதம் ஆளுக்கு 1,500 வீதம் எட்டு மாதங்களுக்கு 60,000. உதவுவதாக வாய் நிறையச் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பி என் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்தேன். அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை. ஆகவே முதலாவது அறிவுரை காசைப் பற்றியது: எழுத்தில் வராத வாக்குறுதியை நம்பி அச்சகத்துக்குப் போகாதீர்கள். எழுத்தின் பயனைப் படிப்பிக்கப் போனவளே இதை எழுத்தில் கேட்காமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் பாடநூல் அம்மா, ஆடு என்று தொடங்கியது. 247 எழுத்துகளையும் ஒழுங்கு தவறாமல் முடித்த பின்னரே சொல்லுக்கும் வசனத்துக்கும் போகும் வகையில் அதை அமைத்திருந்தேன். கடைசிப் பாடம் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தாய் எழுதும் கடிதம். அதை எழுதும்போது என் மனதில் இருந்தது எண்பதுகளில் நீல நிற விமானக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து, வாசித்துக் காட்டச் சொல்லி நின்ற அயல் வீட்டு அம்மாக்களின் முகம். 2017 இல் அதே அம்மாக்கள் வைபரிலும் வட்ஸ்அப்பிலும் குரலைப் பதிந்து கனடாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதும், கடிதம் எழுதும் தேவை அவர்களின் வாழ்விலிருந்தே போய்விட்டது என்பதும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் வகுப்பில் 14 பேர் இருந்தார்கள். வெங்காயம் கிண்டும் காலத்தில் ஒன்பது பேர். ஏன் வரவில்லை என்று கேட்டால் எல்லோரும் “வேலை ரீச்சர்” என்றார்கள். மரியாதைக்காகச் சொன்ன அந்தப் பதிலை நான் உண்மையென்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில், மேற்படி நிறுவனத்திலிருந்து வந்த அலுவலர் எத்தனை பேர் கையெழுத்து வைக்கப் பழகினார்கள் என்ற ஒன்றை மட்டுமே கேட்டார். எனக்கும் அதுவே கைக்கெட்டிய வெற்றியாகத் தெரிந்தது. இரண்டு கிழமைகள் வேறெதையும் தொடாமல் எல்லோருக்கும் பெயர் எழுதப் பழக்கினோம். கைநாட்டு வைத்த விரலால் பேனை பிடித்துத் தன் பெயரை எழுதி முடித்தபோது, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு மாதங்களுக்குப் பின்னர் அதே பெண் மத்தியான வெயிலில் என் வீட்டுக்கு வந்தார். அயலில் ஒருத்தி குழுக் கடனாக 50,000 ரூபா எடுத்தபோது, இவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பழகிய பெருமையோடு இவரும் வைத்திருக்கிறார். அயல்காரி கட்டாமல் விட்ட 14 கிழமைக் காசு, கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 17,500 ரூபா, பிணை நின்றவர் என்ற வகையில் இவர் தலையில் விழுந்தது. தோட்டை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்திருந்தார். என்னைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை: “ரீச்சர், நான் கைநாட்டு வைச்ச காலத்தில ஆராவது வாசிச்சுச் சொல்லிப்போட்டுத்தான் விரலைப் பிடிப்பினம். கையெழுத்து வைக்கத் தெரியும் எண்டவுடனே இந்த முறை ஒருத்தரும் வாசிக்கேல்லை.”

கைநாட்டு அவமானம் என்று மேடையில் பேசியவள் நான். வாசிக்கத் தெரியாதவரைச் சுற்றி இருந்த ஒரு சின்னப் பாதுகாப்பை நான் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒன்றையும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெயர் எழுதுவது வேறு, கையெழுத்து வைப்பது வேறு. முன்னையது கையின் வேலை. பின்னையது ஒரு பொறுப்பை ஏற்பது. இந்த வேறுபாட்டை என் ஐந்து பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அது அதுவரை தெரிந்திருக்கவில்லை.

வகுப்பை இரண்டு மாதங்கள் நிறுத்திவிட்டு, என் பழைய மாணவர் ஒருவர் அனுப்பி வைத்த கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் இரண்டு விடயங்கள் என்னைப் பிடித்து நிறுத்தின. பிரேசிலில் பாவ்லோ பிறேரி என்ற கல்வியாளர் 1963 இல் அஞ்சிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு 40 மணித்தியாலங்களில் எழுத்தறிவித்தபோது, பாடம் தொடங்குவதற்கு முன்னரே அந்த மக்களின் வாயில் புழங்கும் சொற்களைத் தேடிச் சேர்த்தார்கள் என்பது ஒன்று. மற்றையது, மேற்கு ஆபிரிக்காவில் லைபீரியா நாட்டின் ‘வாய்’ என்ற இன மக்களைப் பற்றி எழுபதுகளில் சில்வியா ஸ்கிரிப்னர், மைக்கேல் கோல் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவான சொந்த எழுத்து அந்த மக்களுக்கு இருக்கிறது. அதை அந்த ஆய்வுக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் படிப்பிக்கவில்லை. கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் தேவைப்படுபவர்கள் நண்பரிடமோ உறவினரிடமோ கேட்டுப் பழகிக்கொண்டார்கள். ஓர் எழுத்தை எந்தத் தேவைக்குப் பயன்படுத்துகிறார்களோ அந்தத் தேவைக்குரிய திறமையையே அது வளர்க்கிறது, எழுத்துத் தெரிந்துவிட்டதால் மட்டும் அறிவு பொதுவாகப் பெருகிவிடுவதில்லை என்பது அந்த ஆய்வாளர்கள் கண்ட முடிவு. இதை வாசித்தவுடன் நான் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடந்த என் பாடநூல்களைத்தான் பார்த்தேன்.

மீண்டும் தொடங்கியபோது படிக்க வந்தவர்களை விட்டுவிட்டு முதலில் ஐந்து ஆசிரியைகளையும் கூப்பிட்டேன். “நேற்று எழும்பினதிலிருந்து படுக்கும்வரை நீங்கள் என்னென்ன எழுதினீர்கள்?” என்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை என்றார்கள். சோதனை முடிந்துவிட்டது, இனி என்ன எழுதுவது என்று ஒருத்தி சிரித்தாள். சரி, கைப்பையைக் கொட்டுங்கள் என்றேன். பாய் விரித்து நடுவில் கொட்டியபோது, பஸ் ரிக்கற்றின் பின்புறத்தில் எழுதிய தொலைபேசி இலக்கம் வந்தது. கிழித்த கலண்டர்த் தாளில் “பால் 3, பாண் 1, மாமிக்கு 500” என்று ஒரு கணக்கு வந்தது. வங்கியில் பிழையாக நிரப்பிக் கசக்கிய படிவம், நட்சத்திரத்தோடு பெயரெழுதிய அர்ச்சனைச் சிட்டை, ஒருத்தியின் உள்ளங்கையில் நீலப் பேனையால் எழுதி வியர்வையில் பாதி அழிந்துபோன ஒரு விலாசம் எல்லாம் வந்தன. ஒருத்தி மட்டும் ஒரு சிறிய கொப்பியை எடுக்காமல் பைக்குள்ளேயே அமுக்கி வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை, அதுவும் எழுத்தின் ஒரு நோக்கம்தானே, மற்றவருக்குக் காட்டாமல் எழுதுவது.

அன்று மூன்று மணித்தியாலங்கள் அந்தக் கடதாசிகளோடு இருந்தோம். எதற்காக எழுதினீர்கள் என்று நேரடியாகக் கேட்டால் “தேவைக்காக” என்பதற்கு மேல் பதில் வராது என்பதை விரைவிலேயே கண்டேன். அதற்குப் பதிலாக, இதை எழுதாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன். அந்தக் கேள்வி வேலை செய்தது. கலண்டர்த் தாள் இல்லாவிட்டால் மாமியோடு வாய்த்தர்க்கம் வந்திருக்கும் என்றாள் ஒருத்தி. அப்படியானால் அது வெறும் ஞாபகக் குறிப்பு அல்ல, சாட்சியும்கூட என்று மற்றவள் சொன்னாள். வங்கிப் படிவத்தை எழுதியவர் அதை வைத்திருப்பதில்லை, அது மற்றவர் கைக்குப் போய்விடுகிறது என்று இன்னொருத்தி கவனித்தாள். இப்படியே யார் எழுதியது, யார் வாசிப்பது, எழுதிய பின்னர் யார் கையில் இருக்கிறது, அதை வைத்து யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்று கேள்விகள் தாமாகவே நீண்டன. நான் பலகையில் ஐந்து நோக்கங்களை எழுதிப்போட்டுப் பாடமாக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர்கள் அடுத்த நாளே மறந்திருப்பார்கள். பயிற்சி கொடுப்பவர்கள் இந்த முதல் அமர்வை அவசரப்படுத்தக் கூடாது. ஆசிரியர் தன் எழுத்தைப் பார்க்கப் பழகும் முன்னர் மற்றவரின் எழுத்தைப் பார்க்கப் போனால் அங்கே குறை மட்டுமே அவர் கண்ணில் படும்.

அடுத்ததாக ஊருக்குள் போய், எங்கெங்கே எழுத்துப் புழங்குகிறது என்று பார்த்துவரச் சொன்னேன். இங்கே நான் இன்னொரு பெரிய பிழை விட்டேன். ஐந்து பேரும் கையில் கொப்பியும் பேனையுமாக ஒழுங்கைகளில் இறங்கினார்கள். போருக்குப் பிந்திய ஊரொன்றில் கொப்பியோடு வீடு வீடாக வருபவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பது அங்கேயே வாழும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “ஏன் பிள்ளை எழுதுறாய்? ஆர் அனுப்பினது?” என்று முதல் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். நிவாரணப் பதிவு என்று நினைத்து இருவர் அடையாள அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வேறு பதிவு என்று பயந்து ஒருவர் படலையைச் சாத்தினார். போதாக்குறைக்கு, ஓர் ஆசிரியை ஆர்வத்தில் ஒரு வீட்டின் கடன் கொப்பியைத் திறந்து, மாமியார் கேட்க வாசித்துவிட்டாள். அந்த வீட்டுப் பெண் வகுப்புக்கு அதன் பின்னர் வரவேயில்லை. மன்னிப்புக் கேட்டு வீடு வீடாகப் போய்வர மூன்று கிழமைகள் சென்றன.

அதன் பின்னர் வைத்துக்கொண்ட ஒழுங்குகளை உங்களுக்கும் சொல்கிறேன். மாதர் சங்கத் தலைவியை முன்னே விட்டுப் போனோம். கொப்பி கொண்டுபோகவில்லை, பார்த்ததை மாலையில் நிலையத்துக்கு வந்து எழுதினோம். யாருடைய கடதாசியையும் அவர் எடுத்து நீட்டாமல் நாம் தொடுவதில்லை, வங்கிப் புத்தகத்தையோ கிளினிக் கொப்பியையோ படம் எடுப்பதில்லை, பார்த்த தொகையை வெளியே சொல்வதில்லை. கேள்விகூட “உங்களுக்கு எழுதத் தெரியுமா” என்பதல்ல. “எழுத வேண்டிய அலுவல் வந்தால் என்ன செய்வீர்கள்” என்பதுதான். முதல் கேள்விக்குத் தலை குனிவார்கள். இரண்டாவது கேள்விக்குக் கதை சொல்வார்கள்.

அப்படிக் கிடைத்த கதைகளில் ஒரு குசினிச் சுவர் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அடுப்புப் புகையில் பழுத்த அந்தச் சுவரில், கதவு மறைக்கும் மூலையில், கரித்துண்டால் நான்கு நேர்கோடுகளும் குறுக்கே ஒரு கோடுமாகக் கட்டுக் கட்டாகக் கீறியிருந்தது. சீட்டுக்குக் காசு கட்டிய மாதங்கள் அவை. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம். அது யாரோ கடனாக வாங்கிய அரிசிக் கொத்து. மூன்று ஆண்டுகளாக ஒரு கணக்கும் பிசகாமல் நடத்தி வந்த அந்த அம்மாவைத்தான் நான் எழுத்தறிவு இல்லாதவர் என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். எங்கள் ஆசிரியைகளில் ஒருத்தி, “ரீச்சர், இவ எழுதுறா, எங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியேல்லை” என்றாள். அவருக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: சீட்டுக்காரியின் கொப்பியில் தன் பெயருக்கு நேரே எழுதியிருப்பதும் தன் சுவரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. அதற்கு அவருக்கு 247 எழுத்தும் வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதங்களின் பெயரும், சீட்டில் இருப்பவர்களின் பெயர்களும், இலக்கங்களும் போதும். ஆறு கிழமைகளில் பழகிக்கொண்டார்.

எல்லாம் இப்படிச் சுலபமாக இருக்கவில்லை. நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஒரு ஐயா, கிளினிக்கில் தரும் மருந்து உறையை வாசிக்க வேண்டும் என்று கேட்டார். நாங்களும் காலை, மதியம், இரவு என்று தமிழில் எழுதிப் பழக்கினோம். அவர் உறையைக் கொண்டுவந்து காட்டியபோது அதில் ஆங்கில எழுத்தில் பி.டி. என்றும் ரி.டி.எஸ். என்றும் கிறுக்கியிருந்தது, முன்னையது ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பின்னையது மூன்று வேளை. இரவு மாத்திரைக்கு நொக்டே என்ற இலத்தீன் சொல். தமிழ் வகுப்பில் ஆங்கில எழுத்தா என்று எனக்குள் இருந்த தமிழாசிரியை முரண்டு பிடித்தாள். கடைசியில் அந்த மூன்று குறிகளையும் படமாக எண்ணி அடையாளம் காணப் பழக்கினோம். கடதாசியை நேரில் பார்க்காமல் அதற்குப் பாடம் தயாரிக்கக் கூடாது என்று இதிலிருந்து பழகிக்கொண்டோம்.

ஆசிரியைகளிடம் கடைசிவரை போராட வேண்டியிருந்தது சிவப்புப் பேனைக்காகத்தான். “வெங்காயம் 2 கிலோ” என்பதை ஒருவர் “வெஙகாயம்” என்று புள்ளியில்லாமல் எழுதியிருந்தால் அவர்களின் கை தானாகவே வட்டம் போடும். கடைக்காரர் வெங்காயத்தைத்தான் கொடுத்தாரா என்று கேட்பேன், ஆம் என்பார்கள். அப்படியானால் அந்தத் துண்டு தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தில் பெயரின் ஓர் எழுத்துப் பிசகினால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நாட்கணக்கில் அலைய வேண்டும். அங்கே ஒரு புள்ளிகூடத் தவறக் கூடாது. எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது என்பதை எழுத்தின் நோக்கமே தீர்மானிக்கிறது என்று அவர்கள் ஏற்றுக்கொள்ள எங்களுக்குப் பாதி ஆண்டு சென்றது. நான் இரண்டு மாதங்களுக்குச் சிவப்புப் பேனைகளை வாங்கி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். கொஞ்சம் சர்வாதிகாரம்தான், வேறு வழி தெரியவில்லை.

கையெழுத்துப் பாடத்தை இப்போது கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். அதற்கு முன்னர் திகதி, தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் ஒப்பிடுவது, கடன் பெறுபவர், பிணையாளர் என்ற இரண்டு சொற்களை எந்தப் படிவத்திலும் தேடிக் கண்டுபிடிப்பது ஆகியவற்றைப் பழக்குகிறோம். வெற்றிடம் இருந்தால் குறுக்கே கோடு இழுத்த பின்னரே கையெழுத்து. அத்துடன், “வாசிச்சுச் சொல்லுங்கோ, பிறகு வைக்கிறன்” என்று வாய்விட்டுச் சொல்லவும் பழக்குகிறோம், அலுவலர் வேடத்தில் ஓர் ஆசிரியையை மேசைக்குப் பின்னால் இருத்தி, அவசரப்படுத்தச் சொல்லி. தோட்டை அடகு வைத்த பெண்தான் அந்தப் பாடத்தை இப்போது நடத்துகிறார். அவருடைய 17,500 ரூபாவை நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். பின்னர் தோட்டை மீட்கும்போது பாதியை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

பயன், பயன் என்று நாங்கள் அலைந்ததில் ஒருவரைத் தவறவிடப் பார்த்தோம். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா எந்தப் படிவத்தையும் கொண்டுவரவில்லை. சீட்டும் இல்லை, கடனும் இல்லை. என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார், ஆனால் ஒரு நாளும் தவறாமல் வருவார். நான்காம் மாதம் ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து மடிப்பு அவிழ்ந்த ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். அவருடைய கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு. நினைவு மலரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பத்தொன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறார். தன் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஒருவரிடமும் கேட்கவில்லையாம், தானே பார்க்க வேண்டும் என்று. ஆசிரியை உதவப் போனபோது நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். விரலை வரிக்கு வரி நகர்த்தி, இரண்டாம் பக்கத்தில் “அன்பு மனைவி” என்ற இடத்தில் நின்று, அடுத்த சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டினார். பிறகு இன்னொரு முறை கூட்டினார். “பிள்ளை, இதில அரவு (ா) விட்டுப்போட்டாங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேனையைக் கேட்டார்.